பேண்ட் கலைந்த பிறகு பாட்டு யாருக்கு?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நான்கு பேர் சேர்ந்து ஒரு பாப் பங்க் பேண்ட் தொடங்குகிறார்கள். எலக்ட்ரிக் கிட்டார் இரண்டு, பேஸ், டிரம்ஸ். கல்லூரி விழாவில் பாடிய பாட்டு போன் போனாகப் பரவுகிறது. பார்வைகள் லட்சத்தைத் தொடுகின்றன. ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் 'நம்ம பிள்ளைகளாக்கும்' என்று பெருமை. இரண்டு வருடம் கழித்து விசாரித்தால் ஒருவர் துபாயில், ஒருவர் பெங்களூரில், பேண்ட் இல்லை. அப்போது எல்லோரும் கேட்பது இதுதான்: இவ்வளவு பேர் பார்த்தும் காசு வரவில்லையா? வந்திருந்தால் ஏன் கலைந்தார்கள்?

இந்த இசையில் பேண்ட் கலைவது ஒரு செய்தியே இல்லை. உலக அளவில் பெயர் வாங்கியவர்களே இரண்டு மூன்று முறை கலைந்து சேர்ந்திருக்கிறார்கள். கலைந்த பிறகு பாட்டு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வாழ்வும் சாவும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம்.

பாப் பங்க் என்பது என்ன?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1974-இல் தொடங்கிய ரமோன்ஸ் குழுவை இதன் மூதாதை எனலாம். 1976-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். மொத்தமாகச் சேர்த்தாலும் அரை மணி நேரம் தேறாது. வேகமும் இரைச்சலும் பங்க் இசையின் சொத்து. மெட்டு மட்டும் பழைய ரேடியோ பாட்டு மாதிரி ஒருதடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டும் சேர்ந்தால் பாப் பங்க். இங்கிலாந்தில் பஸ்காக்ஸ், கலிஃபோர்னியாவில் டிசென்டன்ட்ஸ் என்று எழுபதுகளிலேயே கிளைகள் விட்டது. 1994-இல் கிரீன் டேயின் 'டூக்கி', 1999-இல் பிளிங்க்-182-இன் 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' ஆகிய ஆல்பங்கள் கோடிக்கணக்கில் விற்ற பிறகு உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்தது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதன் அடிப்படை பவர் கார்டு. கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். சாதாரண மேஜர் கார்டில் ச, க, ப என்று மூன்று சுரங்கள் ஒலிக்கும். கிட்டாரில் டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு, ஏற்றும்போது நடுவிலுள்ள காந்தாரம் மற்ற இரண்டோடும் மோதிக் கலங்கிப்போகும். அதை நீக்கிவிட்டு ச, ப இரண்டை மட்டும் பிடிப்பதுதான் பவர் கார்டு. விரல் அமைப்பு ஒன்றேதான். கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே போகலாம். சரணத்தில் உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் வைத்து ஒலியை அமுக்குவார்கள். இதற்குப் பாம் மியூட் என்று பெயர். பல்லவி வந்ததும் கையை எடுத்துவிட்டால் கூட்டம் கத்த ஆரம்பிக்கும். வித்தை அவ்வளவுதான். சர்ச் கொயரில் கீபோர்டு வாசித்துப் பழகிய ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்கு இது சில வார வேலை.

நுழைவது இவ்வளவு சுலபம் என்பதற்கு ஒரு விளைவு உண்டு. பாப் பங்க் பேண்ட் பெரும்பாலும் பதினாறிலிருந்து இருபது வயதுக்குள் தொடங்குகிறது. அதாவது வேலை, மேற்படிப்பு, கல்யாணம் என்ற மூன்றுக்கும் முன்னால். அந்த மூன்றும் வரிசையாக வரும்போது பேண்டின் கதி என்ன ஆகும் என்பது தொடங்கும் நாளிலேயே தெரிந்த விஷயம்.

இன்னொன்று, இந்த வகைப் பாட்டுகள் எடுத்துக்கொள்ளும் பொருள். சின்ன ஊரின் சலிப்பு, நண்பர்கள், நிறைவேறாத காதல், என்றாவது ஊரைவிட்டுக் கிளம்புவது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் குமரி. படித்தவர்களுக்கு ஏற்ற வேலை மாவட்டத்துக்குள் அந்த அளவுக்கு இல்லை. எனவே கிளம்புவதைப் பற்றிப் பாடுகிற பேண்ட், பாடி முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறது.

'இன்டி' என்றால் யாரிடமிருந்து விடுதலை?

ஒரு பாட்டைப் பதிவு செய்து, பிரதி எடுத்து, கடைக்கு அனுப்பி, விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு லேபிள் என்று பெயர். பெரிய லேபிளின் துணை இல்லாமல் இதையெல்லாம் தாங்களே செய்துகொள்வது, அல்லது ஒரு சிறு லேபிளோடு சேர்ந்து செய்வது, இன்டி அதாவது சுயாதீன முறை.

இதற்கு வழிகாட்டிய பதிவு பஸ்காக்ஸ் குழுவின் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. நான்கே பாட்டுகள். நண்பர்களிடமும் வீட்டிலும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் கடைசியில் பதிவு செய்து, 1977 ஜனவரியில் சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1,000 பிரதி. பிறகு 16,000 வரை போனது. லேபிள்காரர்கள் லண்டனில் உட்கார்ந்திருக்க, மான்செஸ்டர் பக்கத்துப் பையன்கள் ஊரிலிருந்தே இதைச் செய்தது பலருக்குத் துணிச்சல் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், ரெக்கார்டு வந்த கையோடு பாடகர் ஹோவர்ட் டெவோட்டோ விலகிவிட்டார். கிட்டாரிஸ்ட் பீட் ஷெல்லி பாடகராக நகர்ந்து பேண்டைக் கொண்டுபோனார்.

பெரிய லேபிள் வந்தால் என்ன ஆகும்? முன்பணம் தருவார்கள். இதைக் குளச்சல் பக்கம் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய வள்ளக்காரர் மீனை அவர் மூலமாகத்தான் விற்க வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் கழிவு போகும். லேபிள் கணக்கும் அதே ஜாதி. பதிவுச் செலவு, வீடியோ செலவு, சில ஒப்பந்தங்களில் பயணச் செலவுகூட முன்பணத்தோடு சேர்ந்து பேண்டின் கணக்கில் ஏறும். பேண்டுக்கு வர வேண்டிய சிறு பங்கிலிருந்துதான் அது கழியும். மொத்தமும் கழிகிற வரை கையில் ராயல்டி வராது. அதற்குள் லேபிள் லாபத்தில் இருக்கக்கூடும். கடன் தீர்ந்த பிறகும் பதிவின் உரிமை லேபிளிடமே இருக்கும். இந்த ஓர் அம்சத்தில் கடற்கரை முன்பணமே மேல், வள்ளம் நம்முடையதாகவாவது இருக்கும்.

ஜாபிரேக்கர் என்ற கலிஃபோர்னியா பேண்ட் பெரிய லேபிள் பக்கம் போய் 1995-இல் 'டியர் யூ' ஆல்பத்தை வெளியிட்டது. பழைய ரசிகர்கள் துரோகம் என்றார்கள், புது ரசிகர்கள் வரவில்லை, 1996-இல் பேண்ட் கலைந்தது. மீண்டும் மேடையேற 2017 வரை ஆனது.

குமரியில் மேடை எங்கே?

பாப் பங்க் வளர்ந்த இடங்களில் எல்லாம் ஒரு கூடம் இருந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் தெரு அப்படி ஒன்று. 1986-இன் கடைசி நாளில் திறந்தது. தன்னார்வலர்கள் நடத்துவது, மது கிடையாது, எந்த வயதினரும் வரலாம். பெரிய லேபிளோடு ஒப்பந்தம் போட்ட பேண்டுக்கு மேடை இல்லை என்று விதி வைத்தார்கள். அங்கேயே வளர்ந்த கிரீன் டே, பெரிய லேபிளில் சேர்ந்ததும் வெளியே நிற்க வேண்டி வந்தது.

குமரியில் அப்படியொரு கூடம் இல்லாவிட்டாலும் மேடைக்குப் பஞ்சமில்லை. கத்தோலிக்கப் பங்குகளில் பத்து நாள் திருவிழா, சி.எஸ்.ஐ. சபைகளிலும் இரட்சணிய சேனையிலும் வாலிபர் நிகழ்ச்சிகள், டிசம்பர் முழுக்கக் கேரல், அம்மன் கோவில் கொடை, ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கிளப்புகள் நடத்தும் விழா, கல்யாண ரிசப்ஷன். மாவட்டம் முழுக்கக் கிட்டாரும் கீபோர்டும் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கும் இந்த மேடைகளே காரணம். கேட்கும் ஆட்கள் வேறு என்பதுதான் சிக்கல். திருவிழா மேடையில் ஜனம் தெரிந்த பாட்டைத்தான் கேட்கும். நீங்கள் சொந்தமாக எழுதிய, இரண்டரை நிமிடம் ஓடும், யாருக்கும் தெரியாத பாட்டை இரவு ஒன்பது மணிக்கு அங்கே வாசித்தால் முதல் வரிசைப் பெரியவர்கள் எழுந்து போவார்கள். அதனால் பேண்டுகள் பிழைப்புக்காக சினிமாப் பாட்டும், ஆசைக்காகச் சொந்தப் பாட்டும் வாசிக்கின்றன. நாளடைவில் முன்னது பின்னதைத் தின்றுவிடும்.

தூரமும் ஒரு காரணம். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். மதுரை 240 சொச்சம். திருவனந்தபுரம் 70-க்குள். ஆம்ப்ளிஃபயரும் டிரம்ஸும் ஏற்றிக்கொண்டு போகிற பேண்டுக்கு மேற்கே போவதுதான் கட்டுப்படியாகும். அங்கே சொந்தப் பாட்டு கேட்கும் கூட்டம் உருவாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2003-இல் திருவனந்தபுரத்தில் உருவான அவியல் என்ற குழு மலையாளத்தில் ராக் பாடி, 2008-இல் ஆல்பமும் கொண்டுவந்தது. ஆனால் பாட்டு தமிழில் இருந்தால் அங்கேயும் பாதிதான் போய்ச் சேரும். சென்னையில் மொழி சரி, தூரம் சரியில்லை. எல்லையோரப் பேண்டுகளின் தலையெழுத்து இது.

பயிற்சி செய்ய இடம் கிடைப்பது அடுத்த பாடு. ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. ஒரு டிரம் செட், மைக்கே இல்லாமல், பக்கத்தில் நின்று கேட்டால் 100 டெசிபலைத் தாண்டும். திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பண்டிகைக் காலத்துக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்த்தலாம். ரப்பர் தோட்டத்துக்குள் ஆளில்லாத ஒரு ஷெட் கிடைத்தவர்கள் பாக்கியவான்கள். அங்கேயும் மழை விடாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து கிட்டார் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதில் கெட்டி.

லட்சம் பார்வை, காசு எங்கே?

இங்கேதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதிகக் குழப்பம். வழி வழியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. போனில் பரவும் சிறு வீடியோ. பாட்டின் ஒரு துண்டு ரீலாக ஓடுவதால் பேண்டுக்கு நேரடியாக வருவது சொற்பம். அது விளம்பரம், அவ்வளவே.

2. யூடியூப். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. ஷார்ட்ஸ் வரிசையில் ஓடிய நேரம் அந்த 4,000 மணியில் சேராது. இரண்டரை நிமிடப் பாட்டை வைத்துக் கணக்குப் போட்டால், முழுசாக 96,000 தடவை பார்க்கப்பட்டால்தான் 4,000 மணி ஆகும். நீளமான பேச்சு வீடியோ போடுகிறவர் சில ஆயிரம் பார்வையிலேயே எட்டிவிடுவார். பாப் பங்க் பாட்டின் குட்டை நீளம் இங்கே எதிரி.

3. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள். இங்கே நீளம் பொருட்டில்லை. 30 விநாடி தாண்டினாலே ஒரு கேட்பு. ஆனால் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. வருமானத்தில் ஒரு பகுதியைப் பொதுக் குளத்தில் போட்டு, மொத்தக் கேட்புகளில் உங்கள் பங்கு எத்தனையோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். சந்தா கட்டாமல் இலவசமாகக் கேட்பவர்கள் நிறைந்த சந்தையில் குளமே சின்னது. அந்தக் குளத்தில்தான் பெரிய சினிமாப் பாட்டுகளும் நீந்துகின்றன. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதி: ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 கேட்பாவது பெறாவிட்டால் அதற்குக் காசே கணக்கிடப்படாது.

4. பிறர் பாட்டு. லட்சம் பார்வை வந்தது ஒரு சினிமாப் பாட்டைப் பங்க் வேகத்தில் வாசித்ததற்கு என்றால், யூடியூபின் அடையாளம் காணும் முறை அந்த வருமானத்தைப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடக்கூடும். குமரியிலிருந்து பரவும் வீடியோக்களில் இந்த வகை நிறைய என்பதால், 'இவ்வளவு பார்வைக்கும் ஒன்றும் வரவில்லையா' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே பதில்.

5. மேடைக்கான ராயல்டி. பொது இடத்தில் ஒரு பாட்டு வாசிக்கப்பட்டால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் காசு போக வேண்டும். இந்தியாவில் அதை வசூலிப்பது 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு. உறுப்பினராகச் சேர்ந்து, பாட்டுகளைப் பதிந்து வைத்தவர்களுக்கே அதில் பங்கு. இதில் குமரிக்கு ஒரு பிரத்யேகச் சிக்கல். உண்மையான சமயச் சடங்கின்போது பாட்டு இசைக்கப்படுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. கல்யாண ஊர்வலமும் அதையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் சேரும். வணிகரீதியாக நடக்கும் கல்யாணப் பார்ட்டிகளுக்கு இந்த விலக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வழக்குகள் நடந்திருக்கின்றன. எப்படியும் திருவிழாவும் கல்யாணமும் முக்கிய மேடையாக உள்ள மாவட்டத்தில் இந்த வழியில் பெரிதாக வராது.

அப்படியானால் கையில் வரும் காசு எது? மேடைக்குப் பேசிய தொகை, டி-ஷர்ட். திருப்பூரில் அச்சடித்து வாங்கிய ஒரு டி-ஷர்ட்டில் கிடைக்கும் லாபத்தை ஈடுகட்ட ஆயிரக்கணக்கான கேட்புகள் தேவைப்படும். உலகம் முழுக்கச் சிறு பேண்டுகள் தாமே பாதித் துணிக்கடைக்காரர்களாக இருப்பது இதனால்தான்.

ஒரு பாட்டுக்குள் நான்கு உரிமைகள்

'எங்கள் பாட்டு' என்று நான்கு பேரும் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரே பொருள் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் இவ்வளவு இருக்கிறது:

1. வரிகள். எழுதியவருக்கு உரிமை. அவர் வாழ்நாளும், அதற்குப் பிறகு 60 வருடமும்.

2. மெட்டு. இசையமைத்தவருக்கு. காலம் அதேதான். இரண்டு பேர் பிரிக்க முடியாதபடி சேர்ந்து ஆக்கியிருந்தால் கூட்டு உரிமை. கடைசியாக இறப்பவரிலிருந்து 60 வருடக் கணக்கு தொடங்கும்.

3. பதிவு, அதாவது மாஸ்டர். இது 'தயாரிப்பாளர்' உடையது. முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவை உருவாக்கியவரே தயாரிப்பாளர் என்கிறது சட்டம். வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 வருடம் செல்லும்.

4. வாசித்தவர், பாடியவர் ஒவ்வொருவருக்கும் நிகழ்த்துநர் உரிமை. இதற்கு 50 வருடம்.

மூன்றாவதில்தான் சண்டை வரும். பதிவுச் செலவை டிரம்மரின் துபாய் மாமா கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டூடியோக்காரர் பாதிக் கூலிக்கு வேலை பார்த்து, மிக்ஸிங்கும் அவரே செய்தார். இப்போது தயாரிப்பாளர் யார்? மாமாவா, ஸ்டூடியோவா, பேண்டா? அன்பாக இருக்கிற வரை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு படக்காரர் 'இந்தப் பாட்டை எங்கள் படத்தில் போடலாமா' என்று வந்து நிற்கும் நாளில் மூன்று பேரும் பேசுவார்கள்.

வரியும் மெட்டும் எழுதியவர்களைச் சட்டம் ஓரளவு காப்பாற்றுகிறது. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவில் சேராத ஒரு பதிவுக்காக உரிமையை எழுதிக்கொடுத்திருந்தாலும், அந்தப் படைப்பு வேறு எந்த வகையில் பயன்பட்டாலும் வரும் ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். பேஸ் வாசித்தவருக்கும் டிரம்ஸ் வாசித்தவருக்கும் எழுதியவருக்கான இந்தப் பங்கு கிடையாது, அவர்களும் எழுதியதில் பங்குள்ளவர்கள் என்று பதிந்திருந்தால் ஒழிய. பாப் பங்க் பாட்டுகள் பெரும்பாலும் ஷெட்டுக்குள் நான்கு பேர் சேர்ந்து தட்டித் தட்டி உருவாவதால், இது ஒரு அநியாயமான இடைவெளி என்றுதான் சொல்ல வேண்டும்.

கலையும் நாளில் சட்டம் என்ன நினைக்கிறது?

ஒப்பந்தமே போடாத பேண்டுக்கும் ஒரு சட்டம் பொருந்தும். லாபத்தைப் பங்குபோடும் எண்ணத்தோடு சேர்ந்து தொழில் செய்தால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி அது கூட்டாண்மையாகக் கொள்ளப்படலாம். தாள் அவசியம் இல்லை. வேறு பேச்சு இல்லாவிட்டால் லாபம் சமம், நஷ்டமும் சமம். கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. அதாவது சவுண்ட் சர்வீஸ்காரருக்குப் பாக்கி வைத்துவிட்டு மூன்று பேர் வெளிநாடு போய்விட்டால், அவர் ஊரில் இருக்கும் நான்காவது ஆளிடம் மொத்தத்தையும் கேட்கலாம். ஊரில் தங்கியவன் பாடு எப்போதும் அதுதானே.

பெயர் விஷயம் தனி. பேண்டின் பெயர் பதிப்புரிமையில் வராது, டிரேட்மார்க்கில் வரும். பொழுதுபோக்குச் சேவைக்கான வகுப்பு 41-இல் பதியலாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதியாமல் விட்டவர்களும் வழக்கத்தில் இருந்த பெயரைக் காத்துக்கொள்ள வழி உண்டு, கொஞ்சம் கஷ்டப்பட்டு. பிளிங்க்-182 குழுவின் பெயர் முதலில் வெறும் பிளிங்க். அதே பெயரில் அயர்லாந்தில் ஒரு பேண்ட் இருந்து எதிர்ப்புத் தெரிவிக்கவும் பின்னால் 182 சேர்ந்தது.

மூன்றாவது, யாரும் யோசிக்காத இடம்: டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்பாட்டிஃபைக்கோ ஆப்பிள் மியூசிக்குக்கோ பேண்ட் நேரடியாகப் பாட்டு ஏற்ற முடியாது. நடுவில் ஒரு நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் போன்றவை வருடச் சந்தா முறை. சந்தா நின்றால், தனியாகக் கட்டணம் கட்டி வைக்காத பாட்டுகள் செயலிகளிலிருந்து இறங்கிவிடும். சிடி பேபி போன்றவை ஒருமுறை கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் ஒரு பங்கு எடுப்பவை. முதல் வகையில், பேண்ட் கலைந்து, கணக்கு வைத்திருந்தவரின் வங்கி கார்டு காலாவதியானால் பாட்டுகள் சத்தமில்லாமல் மறையும். சண்டை வேண்டாம், வழக்கு வேண்டாம், ஒரு கார்டு போதும்.

கலைந்தவர்கள் கதை

ஆபரேஷன் ஐவி என்ற பெர்க்லி பேண்ட் 1987-இலிருந்து 1989 வரைதான் இருந்தது. ஒரே ஒரு ஆல்பம், 'எனர்ஜி'. அது வந்த ஆண்டிலேயே கலைந்தார்கள். ஆனால் பாட்டுகள் நிற்கவில்லை. அந்த ஆல்பம் இன்றும் விற்கிறது.

அதை வெளியிட்டது லுக்அவுட் ரெக்கார்ட்ஸ், 1987-இல் தொடங்கிய சிறு லேபிள். கிரீன் டேயின் முதல் இரண்டு ஆல்பங்களும் அங்கேதான் வந்தன. கிரீன் டே பெரிய லேபிளுக்குப் போய் 'டூக்கி' வெடித்ததும், பழைய ஆல்பங்களும் சேர்ந்து விற்று லுக்அவுட்டுக்குக் காசு கொட்டியது. சிறு லேபிள் பெரிதாகச் செலவு செய்யத் தொடங்கியது. ராயல்டி பாக்கி ஏறியது. 2005-இல் கிரீன் டே தன் பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வேறு சில பேண்டுகளும் அதே வழியில் போயின. 2012-இல் லேபிள் மூடப்பட்டது. சுயாதீன லேபிள் என்றால் நல்லவர்கள், பெரிய லேபிள் என்றால் கெட்டவர்கள் என்ற எளிய கதையை இந்த விவகாரம் குலைத்துவிடுகிறது. எடுத்துக்கொண்டு போகும் உரிமை பேண்டுகளிடம் இருந்தது என்பதுதான் இங்கே காப்பாற்றியது.

குமரிப் பேண்டுகளுக்கு மிக நெருக்கமான கதை டிசென்டன்ட்ஸ். 1982-இல் முதல் ஆல்பம். அதன் தலைப்பே பாடகர் மைலோ ஆக்கர்மன் கல்லூரிக்குப் போகிறார் என்பதுதான். நிஜமாகவே உயிரியல் படிக்கப் போனார். பேண்ட் நின்றது. 1985-இல் திரும்பி வந்தார். 1987-இல் மறுபடி படிப்புக்கே போனார், முனைவர் பட்டம் வாங்கினார், பிறகு டியூபான்ட் நிறுவனத்தில் தாவர ஆராய்ச்சியாளராகப் பல வருடம் வேலை பார்த்தார். மற்ற மூவரும் சும்மா இருக்கவில்லை. ஆல் என்ற வேறு பெயரில், வேறு பாடகரோடு தொடர்ந்தார்கள். 1996-இல், 2004-இல், 2016-இல் என்று நேரம் கிடைத்தபோதெல்லாம் டிசென்டன்ட்ஸ் பெயரில் ஆல்பம் வந்தது. டிரம்மர் பில் ஸ்டீவன்சன் கொலராடோவில் சொந்த ஸ்டூடியோவே நடத்துகிறார்.

2021-இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் எழுபதுகளின் கடைசியில் எழுதிய பாட்டுகள் கொண்டது. வாத்தியங்களை முதல் கால உறுப்பினர்கள் சேர்ந்து 2002-இல் வாசித்துப் பதிந்திருந்தார்கள். கிட்டாரிஸ்ட் ஃபிராங்க் நவெட்டா 2008-இல் இறந்துபோனார். பாடகர் தன் பகுதியைப் பாடியது 2020-இல். பதிவுக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், யாருக்கு என்ன உரிமை என்பதில் தகராறு இல்லை, ஆகவே வெளிவந்தது. துபாய்க்குப் போகிற கிட்டாரிஸ்ட்டைப் பார்த்து 'எல்லாம் முடிந்தது மக்கா' என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

ஒரு பக்கத் தாளில் என்ன எழுதுவது?

வக்கீல் வைத்து முப்பது பக்கம் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். முதல் பாட்டைப் பதிவு செய்த வாரத்திலேயே, இன்னும் காசு ஒன்றும் வராத நேரத்தில், ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுவது எளிது. காசு வந்த பிறகு அதே பக்கத்தை எழுத ஒரு வருடம் ஆகும்.

1. ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யார், மெட்டு யார், எத்தனை சதவீதம். நான்கு பேருக்கும் சமம் என்றால் அப்படியே எழுதலாம். டிரம்மரையும் பேஸ் வாசிப்பவரையும் விடாமல் இருப்பது நல்லது. பேண்டுகள் உடைவதற்குப் பாதிக் காரணம் இந்த வரிதான்.

2. மாஸ்டர் யாருடையது. செலவு கொடுத்தவருக்கு அது கடனா, முதலீடா, அன்பளிப்பா என்பதையும் சேர்த்து. மாமாவிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், கூச்சப்படாமல்.

3. பெயர் யாருக்கு. எத்தனை பேர் மிஞ்சினால் அந்தப் பெயரில் வாசிக்கலாம்.

4. போகிறவர் கணக்கு. வெளிநாடு போனவருக்குப் பழைய பாட்டின் பங்கு தொடரும், புதுப் பாட்டில் இல்லை என்பது பொதுவாக நியாயமாகப் படும் ஏற்பாடு. படத்துக்கோ விளம்பரத்துக்கோ பாட்டு கேட்டால், போனவரின் சம்மதம் வேண்டுமா, மீதிப் பேரின் முடிவே போதுமா என்பதையும் முடிவு செய்து வைக்கலாம். கூட்டு உரிமையில் எல்லோருடைய சம்மதமும் தேவைப்படும் என்பதால், ஒருவர் போன் எடுக்காவிட்டாலே காரியம் நின்றுபோகும்.

5. கணக்குகள். யூடியூப், டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஸ்டாகிராம் மூன்றும் தனிநபர் மின்னஞ்சலில் இல்லாமல் பேண்டின் பெயரிலுள்ள மின்னஞ்சலில் இருக்க வேண்டும். சந்தா கட்டுவது யார் முறை என்பதும் அதில்.

6. ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினர் பதிவு. பாட்டு எழுதிய ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேர வேண்டும். பேண்ட் பெயரில் சேர முடியாது. மேலே ஒன்றாவது எண்ணில் எழுதிய சதவீதமே அங்கேயும் போக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 'சரி மக்கா, எல்லாம் உனக்குத்தான்' என்று போட்ட செய்தியை நம்பி இருக்கக் கூடாது. உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. எந்தப் பாட்டு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்ற விவரங்களும் அதில் இருக்க வேண்டும்.

ஸ்டூடியோக்காரரிடமும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்: கூலி முழுசாகப் பெற்றுக்கொண்டார், பதிவின்மேல் அவருக்கு உரிமை இல்லை என்று. கையெழுத்து வாங்கும் அன்றே ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோக வேண்டும். மிக்ஸ் செய்து முடித்த பாட்டு மட்டும் போதாது. டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் என்று தனித்தனி டிராக்குகளாக உள்ள முழுக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். இடம் நிறைந்ததும் பழைய வேலைகளை அழிப்பது ஸ்டூடியோக்களில் சகஜம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வெளியூர் போகிறவரிடமும் மற்றதை ஊரில் இருப்பவர் வீட்டில் ஈரம் படாத அலமாரியிலும் வைக்கலாம்.